பன்றிக்கறியும் பக்கத்துக் கால்வாயும்

'பன்றி' என்று தலைப்பில் பார்த்ததுமே பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டப் போவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள்! இது பன்றிக்கறி சாப்பிடுங்கள் என்று சிபாரிசு செய்கிற கட்டுரை இல்லை. சாப்பிடாதீர்கள் என்று மிரட்டுகிற கட்டுரையும் இல்லை. முட்டைகூட வாங்காத சுத்த சைவக் குடும்பத்துக்கும் இதில் விஷயம் இருக்கிறது. அவர்கள்தான் முதலில் படிக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

பெரம்பூரில் வைத்தியம் பார்க்கிறவனுக்குப் பன்றிக்கறி பற்றிய கேள்வி வராத மாதமே இல்லை. இங்கே ரயில்வே பணிமனை 1856-லேயே வந்துவிட்டது. 1955-ல் ஐ.சி.எஃப். வந்தது. ரயிலை நம்பி வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்ந்தன. பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட்டாலும் அவர்களுடைய சமையல் மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை. தேங்காய்ப்பால் மஞ்சள் சாதம், கோளாக் கறி, 'பெப்பர் வாட்டர்' (வேறொன்றுமில்லை, நம்ம வீட்டு மிளகு ரசம்தான்), கிறிஸ்துமஸ் வந்தால் பார்க் விண்டாலூ! போர்த்துக்கீசியர் திராட்சை மதுவிலும் பூண்டிலும் கறியை ஊறவைத்த பக்குவம் கோவாவில் இறங்கி, காடியும் மிளகாயும் சேர்ந்து விண்டாலூ ஆனது. "பார்க் இல்லாம கிறிஸ்மஸா டாக்டர்? எனக்கு சுகர், பிரஷர் எல்லாம் இருக்கு, தெரியும். ரெண்டே ரெண்டு பீஸ்!" என்று வருஷாவருஷம் டிசம்பரில் என்னிடம் பேரம் பேசுகிற ஆன்ட்டி ஒருவர் உண்டு. ரெண்டு பீஸுக்கு நான் தடை சொன்னதில்லை.

இன்னொரு வகைக் கேள்வி வேறு திசையிலிருந்து வரும். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

மூலத்துக்கு மருந்தா?

"டாக்டர், மூலத்துக்கு வெண்பன்றிக் கறி நல்லதாமே? வாரம் ரெண்டு தடவை சாப்பிடச் சொல்றாங்க. வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம், ஆனா மருந்துன்னு சொன்னா..." என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிற நம்பிக்கை இது. வெள்ளைப் பன்றியா, கறுப்புப் பன்றியா என்றுகூட அதில் கட்சி இருக்கிறது!

மூலம் எதனால் வருகிறது? மலச்சிக்கல், முக்குவது, தண்ணீர் குடிக்காதது, காரம், மணிக்கணக்கில் உட்கார்ந்த வேலை. பன்றிக்கறியில் நார்ச்சத்து என்று ஒன்று துளிகூடக் கிடையாது. எந்தக் கறியிலும் கிடையாது. கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு நாள் மலம் இளகிப் போயிருக்கலாம். அதைப் பார்த்து 'கேட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுவாரம் பழைய கதைதான். மூலத்துக்கு நம் மரபில் துத்திக் கீரை இருக்கிறது, கருணைக்கிழங்கு இருக்கிறது, திரிபலா இருக்கிறது. மோர் இருக்கிறது, காசு அதிகம் ஆகாது. இதையெல்லாம் விட்டுவிட்டு எதற்குப் பன்றியைத் துரத்த வேண்டும்?

இன்னொன்று. நாற்பது வயதுக்கு மேல் மலத்தில் ரத்தம் போனால் அது மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆடு, மாடு, பன்றி மூன்றையும் சிவப்பு இறைச்சி என்று ஒரே வரிசையில் வைத்து, பெருங்குடல் புற்றுநோய்க்கு அவை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அறிவித்தது. பேக்கன், சாஸேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய வகையறாவைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொன்னது: தினம் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் ஆபத்து 18 சதவிகிதம் கூடுகிறது. மூலத்துக்கு மருந்து என்று நினைத்துத் தின்னப்போய் வேறொன்றை வரவழைத்துக்கொள்வானேன்!

முட்டை வாங்காத வீட்டில் பன்றிப் புழு

சில வருஷங்களுக்கு முன் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் திடீரென்று வலிப்பு. சித்த மருந்து ஏதாவது கொடுங்கள் என்றார்கள். முதல் முறை வலிப்பு என்றால் மூளையை ஸ்கேன் செய்யாமல் நான் மருந்து கொடுப்பதில்லை. நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு வளையம். பன்றி நாடாப்புழுவின் குஞ்சு மூளையில் போய்த் தங்கியதால் ஏற்பட்ட கட்டி என்றார்கள்.

அப்பாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "எங்க வீட்ல முட்டைகூட வாங்குறதில்லையே டாக்டர்! எப்படி வரும்? அடுத்த தெருவுல கறிக்கடை இருக்கு, அதனாலதான். கார்ப்பரேஷன்ல எழுதிப் போடப் போறேன்" என்றார். அவரை உட்காரவைத்து ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். படித்தவர்களும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிற விஷயம் இது.

சரியாக வேகாத, புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைத் தின்றவன் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் இல்லை, குடலில். அவனுக்குப் பெரிய தொந்தரவே தெரியாது. ஆனால் அவன் மலத்தில் புழுவின் முட்டைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறும். வெட்டவெளியில் கழித்த அந்த மலத்தைப் பன்றி தின்றால் அதன் தசையில் அரிசி மணி மாதிரி கட்டிகள் வரும். அதே முட்டை காய்கறி வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ, சோப்புப் போட்டுக் கழுவாத கை வழியாகவோ ஒரு மனிதன் வயிற்றுக்குள் போனால், பன்றிக்கு நடந்ததேதான் அவனுக்கும் நடக்கும். கட்டி தசையில் வரும், கண்ணில் வரும், மூளையில் வரும்.

ஆக, மூளையில் கட்டி வருவது கறியால் அல்ல, மனித மலத்தால். கொத்தமல்லித் தழையைச் சரியாக அலசாத சைவக்காரருக்கும் வரலாம். 1992-ல் வெளியான அமெரிக்க மருத்துவ அறிக்கை ஒன்று பிரசித்தம். நியூயார்க்கில் பன்றியைத் தொடவே தொடாத ஆசார யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேருக்கு இதே நோய்! வீட்டில் சமைத்தவர்கள் வழியாக முட்டை வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். (உடனே வீட்டு வேலைக்கு வருபவரைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள். நாடாப்புழு சம்பளம் பார்த்து வருவதில்லை. ஓட்டலில் கை கழுவாமல் சாலட் நறுக்கியவர் யாரோ, யார் கண்டது?)

நமக்குப் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதைப் பற்றிப் பல வருஷங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்கேனில் ஒரே ஒரு வட்டம் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவற்றில் பெரும்பாலானவை இந்தப் புழுக்கட்டிதான் என்று நிறுவியவர்கள் அவர்கள். வேலூர் வட்டாரத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. மூன்றில் ஒருவர்! காற்று, கருப்பு, கிரக தோஷம் என்று எத்தனை பேர் தாயத்துக் கட்டிக்கொண்டு அலைந்திருப்பார்கள்?

அந்தப் பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் கட்டி தானாகவே சுருங்கி மறைந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரு எச்சரிக்கை: வலிப்பு உள்ளவருக்கு நீங்களாகப் பூச்சி மருந்து கொடுக்காதீர்கள். மூளையில் உள்ள கட்டி செத்துச் சிதையும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு அதிகமாகலாம். முருக்கன் விதை, வாய்விடங்கம் என்று நாங்கள் குடல் புழுவுக்குக் கொடுப்பதெல்லாம் குடலுக்குத்தான்.

ஓட்டேரி நல்லாவின் கரையில்

இப்போது தெருவுக்கு வருவோம். வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாக பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேருகிற ஓட்டேரி நல்லாவை வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூக்கே அறிமுகம் செய்துவிடும். ஒரு காலத்தில் இந்தக் கரை ஓரங்களில் பன்றிகள் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருக்கும். யாருடைய பன்றி என்று பார்த்தால் தெரியாது. ஆனால் உரியவருக்குத் தெரியும். தீவனச் செலவு கிடையாது. சாக்கடையும் குப்பையும் திறந்தவெளிக் கழிப்பிடமும்தான் தீவனம். ஆடு, மாடு வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு அந்தப் பன்றிதான் பேங்க் பாஸ்புக். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நாலு பன்றி.

மாநகராட்சி அவ்வப்போது பன்றி பிடிக்கும் படையை அனுப்பும். சண்டை நடக்கும், பேப்பரில் படம் வரும். மெல்ல மெல்லப் பன்றிகள் நகருக்குள் குறைந்து புறநகருக்குப் போயின. பன்றி போனதே தவிர, மலம் கால்வாய்க்குள் போவது நிற்கவில்லை. என் கருத்தில் இங்கேதான் நாம் தலைகீழாக யோசிக்கிறோம். கழிப்பிடமும் கழிவுநீர்க் குழாயும் ஒழுங்காக இருந்தால் பன்றிக்குத் தின்ன மலம் கிடைக்காது; புழுவின் சுற்று அங்கேயே அறுந்துபோகும். பன்றிக்கே போடுகிற தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கண்டுபிடித்தது, நம் ஹைதராபாத்தில் தயாராகிறது. ஊசியும் கக்கூஸும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

புறநகருக்குப் போன பன்றிகள் என்ன சாப்பிடுகின்றன? அங்கேதான் சுவாரசியம். பெரும்பாலும் ஓட்டல் மிச்சம்! விடுதி, கேன்டீன், கல்யாண மண்டபங்களில் மிஞ்சியதை இரவில் டிரம் டிரம்மாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: அந்தக் காலத்தில் எருமை வைத்திருக்கிற அம்மா வந்து வீட்டு வாசலில் கழனித்தண்ணி வாங்கிப் போவார். சாதம் வடித்த கஞ்சி, காய்கறித் தோல், அரிசி களைந்த நீர் எதுவும் வீணாகாது. அதே வேலையைத்தான் பெரிய அளவில் இந்தப் பண்ணைகள் செய்கின்றன.

இல்லாவிட்டால் அந்தச் சோறு எங்கே போகும்? நமக்குக் கொடுங்கையூர். சென்னையில் நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. மலையாகக் குவிந்த குப்பைக்குள் சோறும் காய்கறியும் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வீரியம் உள்ள வாயு. குப்பைமேடு தீப்பிடித்துப் புகைகிற நாட்களில் வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர்ப் பக்கம் இருமலும் இளைப்புமாக எத்தனை பேர் வைத்தியரைத் தேடி ஓடுகிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள்.

எண்ணூரில் வந்த அதே நாற்றம்

'பன்றியால் சுற்றுச்சூழல் கெடுகிறது' என்று வெளிநாட்டில் சொல்வது சாக்கடைப் பன்றியை அல்ல. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கிற பண்ணைகளை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் போட்ட கணக்குப்படி, உலகப் பன்றி வளர்ப்பால் ஆண்டுக்கு 70 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமமான புகை கிளம்புகிறது. மொத்தக் கால்நடைத் துறையில் இது 9 சதவிகிதம். ஒரு கிலோ கறிக்கு 6 கிலோ. கோழிக்கு ஐந்தரை, ஆட்டுக்கறிக்கு 20-க்கு மேல், மாட்டுக்கறிக்கு 46. மட்டன் பிரியர்கள் பன்றிக்காரரைப் பார்த்து மூக்கைப் பிடிக்க முடியாது! (இது உலக சராசரி. பொட்டல் காட்டில் வேலிக்கருவேலங்காய் மேய்கிற நம்ம ஊர் ஆட்டுக்குக் கணக்கு வேறு.)

பன்றி மாடு மாதிரி அசைபோட்டு ஏப்பம் விடுகிற பிராணி இல்லை. அதன் கெடுதலில் ஏறக்குறைய பாதி தீவனத்திலும், கால் பங்குக்கு மேல் சாணத்திலும் இருக்கிறது. ஒரு கிலோ எடை கூட சுமார் மூன்று கிலோ தீவனம் வேண்டும்: மக்காச்சோளம், சோயா. அதற்கு நிலம், தண்ணீர், யூரியா. யூரியாவுக்கு அம்மோனியா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே அம்மோனியா உரமாகி, சோளமாகி, பன்றி வயிற்றுக்குள் போய், மூத்திரமும் சாணமுமாக வெளியே வந்து, மறுபடி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. பெரிய பண்ணைக்குப் பக்கத்தில் கண் எரிவது இதனால்தான்.

ஹாலந்தில் இந்த நைட்ரஜன் நிலத்திலும் ஏரியிலும் சேர்ந்து, 2019-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. கட்டட வேலைகள்கூட நின்றன. பன்றிப் பண்ணைக்காரர்களுக்குப் பணம் கொடுத்துத் தொழிலை விடச் சொல்லித் திட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்றிக் கழிவைக் குளம் குளமாகத் தேக்கி வைப்பது வழக்கம். 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் வந்து அந்தக் குளங்கள் வழிந்து ஆற்றில் கலந்தன. சீனாவிலோ 2022-ல் 26 மாடிக் கட்டடம் கட்டி அதில் பன்றி வளர்க்கிறார்கள். லிஃப்டில் போகும் பன்றி!

நம் நாட்டில் கதை வேறு. 2012-ல் ஒரு கோடிக்கு மேல் இருந்த பன்றிகள் 2019 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சமாகக் குறைந்துவிட்டன. அதிலும் அஸ்ஸாம்தான் முதலிடம். அப்படியானால் நமக்குக் கவலையில்லையா? உண்டு. எந்த வழியில் வளர்க்கப் போகிறோம் என்பது இனிமேல்தான் முடிவாகும். சாக்கடையில் விடவும் கூடாது, 26 மாடியும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதுதான் அந்த ஓட்டல் டிரம்.

கொதிக்க வைத்தால் தீவனம், இல்லாவிட்டால் விஷம்

ஆனால் டிரம்மில் இருப்பதை அப்படியே கொட்டக் கூடாது. 2001-ல் இங்கிலாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில் வேகவைக்காத எச்சிலைப் போட்டதில் ஆரம்பித்த கோமாரி நோய், நாடு முழுக்கப் பரவி லட்சக்கணக்கான ஆடு மாடுகளைக் கொன்று எரிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஐரோப்பா முழுக்க எச்சில் தீவனத்துக்குத் தடை. ஜப்பானும் கொரியாவும் அப்படிச் செய்யவில்லை. முறையாகச் சூடாக்கித் தீவனமாக்கும் ஆலைகளை ஏற்படுத்தி, உணவுக் கழிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கால்நடைக்கே திருப்பினார்கள். ஐரோப்பாவும் இப்படிச் செய்தால் தீவனம் விளையும் நிலத்தில் 18 லட்சம் ஹெக்டேர் மிச்சமாகும் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கணக்குப் போட்டார்கள்.

இந்தியாவுக்கு 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தது. முதலில் அஸ்ஸாம், அருணாச்சலம். அப்புறம் தெற்கிலும் பரவி, நம் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம்கூடக் காணப்பட்டது. மனிதருக்கு இது தொற்றாது, பயப்படாதீர்கள். ஆனால் பண்ணைக்கு வந்தால் பண்ணையே காலி. மருந்தில்லை. அது பரவுகிற முக்கிய வழிகளில் ஒன்று, நோய்ப் பன்றியின் கறித்துண்டு கலந்த ஓட்டல் மிச்சம். உலகக் கால்நடை நல அமைப்பு சொல்வது: 90 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே கொதிக்க வைக்க வேண்டும். இதைச் செய்யாத பண்ணை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை அது சுத்தமில்லை.

இந்த நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. நமக்குப் பக்கத்தில் மாதவரத்தில்தான் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றி வளர்ப்பில் ஆராய்ச்சியும் பயிற்சியும் நடக்கின்றன. சாணத்தைக் குழியில் போட்டு எரிவாயு எடுத்தால் தீவனம் கொதிக்கவைக்க அடுப்பெரிக்கும் செலவும் குறையும். காற்றில் போகவேண்டிய மீத்தேன் அடுப்பில் எரிந்துவிடும். மிஞ்சுகிற சாந்து வயலுக்கு உரம்.

பண்ணை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-ல் வேலூரில்தான் தெரியவந்தது. கிருமி கொக்கு, நாரையிடமிருந்து கொசு வழியாகப் பன்றிக்கு வந்து அதன் ரத்தத்தில் பல மடங்கு பெருகும். அங்கிருந்து மறுபடி கொசு, அப்புறம் குழந்தை. 1998-99-ல் மலேசியாவில் ஈப்போ பக்கமும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் புது மூளைக்காய்ச்சல் வந்தபோது, இதுதான் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அது வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்த நிபா! 105 பேர் இறந்தார்கள். பண்ணை வேலை செய்த நம் தமிழர்களும் அதில் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். பழத்தோட்டத்துக்குள்ளேயே பன்றிக் கொட்டகை வைத்ததும், கூட்டமாக அடைத்ததும்தான் வினை. மரம், கொசு, மனிதக் குடியிருப்பு மூன்றிலிருந்தும் பண்ணை தள்ளி இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து ஆன்டிபயாடிக். நெருக்கி அடைத்தால் நோய் வரும், நோய் வராமலிருக்க மருந்தைத் தீவனத்தில் கலப்பார்கள். கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருந்த கொலிஸ்டின் மருந்துக்கே அடங்காத கிருமிக் கூறு 2015-ல் சீனப் பன்றிகளிடம் கண்டறியப்பட்டது. இந்தியா 2019-ல் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு கொலிஸ்டின் கூடாது என்று தடை போட்டது. தடை கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டுமே!

உங்கள் வீட்டில்

சாப்பிடுகிற குடும்பமாக இருந்தால்: அளவைக் குறையுங்கள். 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, உடம்புக்கும் பூமிக்கும் தோதாக ஒரு சாப்பாட்டுக் கணக்குப் போட்டார்கள். அதில் ஆடு, மாடு, பன்றி எல்லாம் சேர்த்தே ஆளுக்கு வாரம் 100 கிராம்தான் இடம். விண்டாலூ செய்கிற ஆன்ட்டிக்கு நான் சொல்வது: கறியைப் பாதியாக்கி உருளைக்கிழங்கை இரட்டிப்பாக்குங்கள், பூண்டையும் மிளகையும் தாராளமாகப் போடுங்கள். பகலில் சாப்பிடுங்கள், இரவில் மந்தம். கூடவே பெப்பர் வாட்டர் இருக்கட்டும். காடியில் ஊறிய குழம்பைப் பத்திரமாக வைத்து மறுநாளும் சாப்பிடலாம், வீணாகாது. ஈரல், இருதயம் எல்லாம் சேர்த்து கோவாக்காரர்கள் சொர்பொதெல் செய்வது நல்ல பழக்கம். ஒரு பிராணியைக் கொன்றபிறகு பாதியைக் கால்வாயில் எறிவதைவிட அது மேல்.

பாக்கெட் சாஸேஜ், பேக்கன், ஹாம் வாங்குவதை விட்டுவிடுங்கள். வேண்டவே வேண்டாம், குழந்தைகளின் டிபன் பாக்ஸில் கண்டிப்பாக வேண்டாம்.

கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள்: எந்தப் பண்ணை? கட்டி வளர்த்ததா, மேய விட்டதா? தெருவில் அலைந்த பன்றி என்றால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். கறியை நறுக்கும்போது அரிசி மணி மாதிரி வெள்ளைக் கட்டி தெரிந்தால் சமைக்காமல் திருப்பிக் கொடுங்கள். உள்ளே சிவப்பு தெரியாமல் நன்றாக வேகவேண்டும். வீட்டு ஃப்ரீஸரில் வைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பாதீர்கள். கறி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள்.

சாப்பிடாத குடும்பமாக இருந்தால்: கீரை, கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். பச்சையாகச் சாப்பிடுவதைக் கூடுதல் கவனத்தோடு கழுவுங்கள். சமைக்கிற கை, அது யாருடைய கையானாலும், சோப்புப் போட்ட கையாக இருக்கட்டும்.

அப்புறம் கல்யாணம், காதுகுத்து. மண்டபத்தில் சாப்பாடு மிஞ்சினால் முதலில் நல்லதை மனிதருக்குக் கொடுங்கள். இலையில் மிஞ்சியது பண்ணைக்குப் போகட்டும். எங்கள் பகுதிக்கு டிரம் எடுக்க வருகிற பண்ணைக்காரர் ஒருவர் என்னிடம் புலம்பினார்: "பிளாஸ்டிக் டம்ளர், பல்குச்சி, ஊறுகாய் பாக்கெட்டு எல்லாம் அப்படியே வருது சார். குச்சி குடல்ல குத்திச் செத்துப்போவுது." ஊறுகாயும் அப்படித்தான். குடிக்கத் தண்ணீர் போதவில்லை என்றால் உப்பு அதிகமாகிப் பன்றிக்கு வலிப்பே வரும். மண்டபம் பேசும்போதே காண்டிராக்டரிடம் சொல்லி வையுங்கள்: சோறு, காய், குழம்பு ஒரு டிரம், வாழை இலை தனியாக, அது மாட்டுக்கு, பிளாஸ்டிக், குச்சி, பாக்கெட் மூன்றாவது டிரம். எடுத்துப் போகிறவரிடம் கொதிக்க வைத்துத்தான் போடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 'இல்லை' என்றால் வேறு பண்ணைக்காரரைத் தேடுங்கள், அல்லது மாநகராட்சியின் மக்கும் குப்பை வண்டியில் ஏற்றிவிடுங்கள்.